நேரசூசி போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களுக்கும் உப அதிபர்களுக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும்,

யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் ஆகிய ஐந்து வலயங்களிலும் உள்ள உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்த ஒரே மடலை எழுதுகிறேன். கல்வி அமைச்சுக்கு எழுதலாமே என்று என் மனைவி கேட்டாள். அமைச்சுக்கு எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்த காரியம் கொழும்பில் முடிவாவதில்லை. அது உங்கள் அறையில், ஒரு பெரிய தாளில், பென்சிலும் அழிறப்பரும் கொண்டு முடிவாகிறது. எந்த வகுப்பு எந்த ஆசிரியருக்கு என்று எழுதும் நேரசூசியைத்தான் சொல்கிறேன்.

முப்பத்தொரு வருடம் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் ஆசிரியர் ஓய்வறையில் நடக்கும் பேரம் உங்களுக்குத் தெரியாததன்று. நீங்களும் ஒரு காலத்தில் அந்த அறையில் இருந்தவர்கள்தாமே. உயர்தர வகுப்புகள் முதலில் போகும். அடுத்தது தரம் 11. பிறகு 10, 9 என்று இறங்கி வரும். மூத்தவர்கள் எல்லோரும் எடுத்து முடிந்தபின் மிஞ்சிக் கிடப்பது தரம் 6. அது யாருக்கு விழும்? நேற்று நியமனம் பெற்று வந்தவருக்கு. இடமாற்றக் கடிதத்துக்குக் காத்திருக்கிறவருக்கு. பாடவேளை குறைவாக இருக்கிறது என்று விளையாட்டு ஆசிரியருக்கு. சில பாடசாலைகளில், ஆசிரியராக வராமல் அபிவிருத்தி உத்தியோகத்தராக வந்து வகுப்பில் நிறுத்தப்பட்ட ஒரு பிள்ளைக்கு. அவர்களில் யாரையும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஏனென்றால் அந்தப் பேரத்தில் இருபத்தாறு வருடம் வென்றவன் நான். "தரம் 6 எனக்கு வேண்டாம், அது குழந்தைப்பிள்ளை வேலை" என்று ஓர் அதிபரின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அவரும் சிரித்துக்கொண்டு அழிறப்பரை எடுத்தார்.

பிறகு எனக்கு இருதய சத்திரசிகிச்சை நடந்தது. திரும்பி வந்தபோது, என்மேல் இரக்கப்பட்ட வேறொரு அதிபர் "இலேசான வகுப்பு" என்று தரம் 6 இன் இரண்டு பிரிவுகளைத் தந்தார். என் ஆசிரியத் தொழிலில் அதைவிடப் பாரமான வருடம் வேறொன்று இருந்ததில்லை.

முதல் வாரமே ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ஒரு விவசாயி தன் நிலத்தின் எட்டில் மூன்று பங்கில் வெங்காயமும் நான்கில் ஒரு பங்கில் மிளகாயும் நட்டார், மீதி எவ்வளவு? முப்பத்துநான்கு பிள்ளைகளில் ஏழு பேர் கொப்பியைத் திறக்கவே இல்லை. பின்னங்கள் விளங்கவில்லை என்றுதான் நினைத்தேன். பொதுப் பகுதியெண்ணை மறுபடி விளக்கினேன். அப்போதும் எழுதவில்லை. கடைசி வாங்கில் இருந்த ஒரு பையனிடம் போய் மெதுவாகக் கேட்டேன். "சேர், எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றான். வெட்கப்படக்கூட இல்லை, எப்போதும் மழை பெய்கிற ஊரில் மழையைப் பற்றிச் சொல்வதைப்போலச் சொன்னான்.

நான் கணக்கை அவனுக்கு வாயால் சொன்னேன். எட்டில் மூன்று என்றால் என்ன என்று கேட்டான். அவன் வீட்டில் தோட்டம் உண்டு என்பது தெரிந்து, ஓர் ஏக்கர் காணி, பதினாறு பரப்பு, அதை எட்டாகப் பிரி என்றேன். மூச்சு விடுவதற்குள், "ஆறு பரப்பு வெங்காயம், நாலு பரப்பு மிளகாய், ஆறு பரப்பு சும்மா கிடக்கிறது" என்றான். பிறகு தானாகவே, சும்மா கிடக்கிற ஆறு பரப்பில் எத்தனை அந்தர் வெங்காயம் எடுத்திருக்கலாம் என்று சொல்லத் தொடங்கினான். வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளை அப்போதுதான் பகுதியெண்ணைச் சமப்படுத்திக்கொண்டிருந்தது.

அந்தப் பையன் ஐந்து வருடம் ஆரம்பப் பிரிவில் இருந்து, புலமைப்பரிசில் பரீட்சையும் எழுதி, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாமலே எங்களிடம் வந்திருக்கிறான். ஆரம்பப் பிரிவைத் திட்டிவிட்டுப் போவது எளிது. நாங்கள் இடைநிலை ஆசிரியர்கள் அதைத்தான் செய்கிறோம்: "கீழே ஒழுங்காகப் படிப்பிக்கவில்லை." உயர்தர ஆசிரியர் எங்களைப் பற்றி அதையே சொல்கிறார். பல்கலைக்கழகத்தார் அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். இந்தச் சங்கிலியில் பழியைக் கைமாற்றிக் கொடுக்க முடியாதவன் அந்தப் பையன் மட்டும்தான்.

தரம் 5 வரை ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருப்பார். பிள்ளையின் தாய்க்கு அவரைத் தெரியும். அவருக்கும் பிள்ளையின் வீடு தெரியும். தரம் 6 இல் அடியெடுத்து வைத்ததும் பத்துக்கு மேற்பட்ட பாடங்கள், பாடத்துக்கொரு முகம், நாற்பது நிமிடத்துக்கொரு மணி. தமிழ் ஆசிரியர் இவனுக்கு வாசிப்பு வராது என்று கண்டால் "கணிதத்தில் எப்படியோ" என்று நினைப்பார். நான் கண்டால் "தமிழ் ஆசிரியர் பார்த்துக்கொள்வார்" என்று நினைப்பேன். வகுப்பாசிரியர் இடாப்பில் வரவு போட்டுவிட்டு அடுத்த வகுப்புக்கு ஓடுவார். வருடக் கடைசியில் எல்லோரும் அவனுக்கு 18, 22 என்று புள்ளி எழுதித் தரம் 7க்கு ஏற்றிவிடுவோம். தரம் 10 வரும்போது, பாடசாலையின் சித்தி வீதம் பற்றிய கவலை வரும். அப்போதுதான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவனைக் கண்டுபிடிக்கிறோம்.

கண்டுபிடித்து என்ன செய்கிறோம் என்பதை உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. தகப்பனைக் கூப்பிட்டு, "வேறு பாடசாலையில் விட்டால் பிள்ளைக்கு நல்லது" என்று விடுகைப் பத்திரத்தை எழுதிக் கொடுத்த அறையில் நானும் இருந்திருக்கிறேன். தகப்பன் கைகட்டி நின்றார். அந்தப் பாடசாலையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் மற்றவர்கள் தாங்கள் தப்பிவிட்டதாக நினைப்பீர்கள். கட்டாயக் கல்விக்கான வயது 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. அந்த வயதுக்குள்ளேயே பிள்ளை கடலுக்கும் மேசன் வேலைக்கும் போய்விடுகிறது. பெண்பிள்ளையென்றால் வீட்டில் இருந்துவிடுகிறது. பெயர் மட்டும் இடாப்பில் சில மாதம் படித்துக்கொண்டிருக்கும்.

இப்போது கலைத்திட்டம் மாறப்போகிறது என்று எல்லா இடத்திலும் பேச்சு. புதிய சீர்திருத்தம் தரம் 1 இலும் தரம் 6 இலும் தொடங்கும் என்று அறிவித்தபோது, என் வாழ்நாளில் முதன்முறையாக மகரகமையோடு, அதாவது அங்குள்ள தேசிய கல்வி நிறுவகத்தோடு, எனக்கு முழு உடன்பாடு ஏற்பட்டது. தொடங்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் 2007 இல் வந்த மாற்றத்தையும் நான் பார்த்தவன். தேர்ச்சிமையக் கலைத்திட்டம் என்றார்கள், E என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஐந்து படிகள் கொண்ட ஐந்து ஈ முறை என்றார்கள். ஆசிரியர் வழிகாட்டியில் குழுச் செயற்பாடுகள் அழகாக எழுதப்பட்டிருந்தன. நான் அந்த வழிகாட்டியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கடந்தகால வினாத்தாள்களை எடுத்துக்கொண்டேன். தரம் 11க்கு அதுதான் தேவைப்பட்டது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு தரம் 6 இல், வேறு வழி தெரியாமல் அலுமாரியைத் திறந்தேன். கடதாசி மடித்துப் பின்னம் காட்டும் ஒரு செயற்பாடு, நாற்பது நிமிடத்தில் நான் பத்து வருடமாகச் சொல்லிக் கொடுக்காததைச் சொல்லிக் கொடுத்தது. வழிகாட்டி எழுதியவர்களிடம் தாமதமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். (வழிகாட்டிகளின் மொழிநடைக்காக அவர்களும் எங்களிடம் மன்னிப்புக் கேட்கலாம், சில வசனங்களை இரண்டு தரம் வாசித்த பின்னும் எழுவாயைத் தேட வேண்டியிருந்தது.)

ஆகவே, புதிய புத்தகங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அவற்றைத் தரம் 6 இல் திறக்கப்போவது யார் என்பதை மகரகமை முடிவு செய்யாது. நீங்கள் முடிவு செய்வீர்கள். பயிற்சிப் பட்டறைக்குப் போனவர் ஒருவராகவும் வகுப்புக்குப் போகிறவர் இன்னொருவராகவும் இருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

எல்லோரையும் உள்ளடக்கிய கல்வி பற்றியும் இந்த இடத்திலேயே எழுதிவிடுகிறேன். அதுவும் பெரும்பாலும் நேரசூசிக் காரியமே. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் நாட்டில் 1996 இலேயே வந்துவிட்டது. அந்த ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். பொதுக் கட்டடங்களில் ஏறி இறங்க வசதி இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. இதே உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 2016 இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. தாளில் ஒரு குறையும் இல்லை.

நான் கற்பித்த ஒரு பாடசாலையில், தசை பலவீனமுள்ள ஒரு பெண்பிள்ளை தரம் 8 இல் இருந்தாள். வகுப்பு மேல்மாடியில். தாய் காலையில் தூக்கிக்கொண்டு படியேறுவாள். பாடசாலை விடும்போது வந்து தூக்கிக்கொண்டு இறங்குவாள். இடையில் கழிப்பறைக்குப் போக முடியாதென்பதால் அந்தப் பிள்ளை ஆறு மணித்தியாலம் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியிருந்தாள். இந்த விசயம் எங்களுக்குத் தெரியவந்தது இரண்டாம் தவணையில், அவள் மயங்கி விழுந்தபின். அதே பாடசாலையில் மண்டபத்தின் வாசலில் ஒரு சாய்தளம் இருந்தது. யாரோ நிதி கொடுத்துக் கட்டியது, பெயர்ப்பலகையும் உண்டு. பரிசளிப்பு விழாவுக்கு வரும் பிரமுகர்கள் அதில் ஏறுவார்கள். தரம் 8 ஐக் கீழே கொண்டுவரலாமே என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கீழே இருந்த அறைகள் தரம் 11க்கு, அமைதி வேண்டும் என்பதற்காக. ஒரு வகுப்பை மேலேயும் ஒரு வகுப்பைக் கீழேயும் மாற்றி எழுதுவதற்கு அழிறப்பரைத் தவிர வேறெந்த நிதியும் தேவைப்பட்டிருக்காது. அவள் தரம் 9 இல் வருவதை நிறுத்திவிட்டாள். அந்தக் கூட்டத்தில் கேட்டவர் நானல்லன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நான் தரம் 11 இன் ஆசிரியனாக இருந்தேன்.

காது கேட்பதில் குறைவுள்ள பிள்ளையை "கவனமில்லாத பிள்ளை" என்று பெயர்வைத்து வீதிப் பக்க யன்னலருகே இருத்தியிருப்போம். கரும்பலகையைப் பார்த்தபடி பேசுகிற ஆசிரியரின் உதடு அவளுக்குத் தெரியாது. கைதடியில் நவீல்ட் பாடசாலை இருக்கிறது. கேட்டல், பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளோடு பல தசாப்தங்களாக வேலை செய்த அனுபவம் அங்கே கிடக்கிறது. கைதடியால் போகும்போது பலரும் அதைப் பார்க்கிறோம். அங்கிருந்து ஓர் ஆசிரியரை ஒரு நாள் அழைத்து, எங்கள் தரம் 6 வகுப்பறையைச் சுற்றிக் காட்டி, யாரை எங்கே இருத்துவது என்று கேட்ட பாடசாலை எத்தனை? பொதுப் பரீட்சைகளில் இந்தப் பிள்ளைகளுக்கு மேலதிக நேரமும், எழுத முடியாதவர்களுக்கு உதவியாளரும் கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. தரம் 11 இல் கடைசி மாதம் மருத்துவச் சான்றிதழுக்கு ஓடுவதைவிடத் தரம் 6 இலேயே கோப்பைத் திறந்தால் என்ன?

சொல்லக் கூச்சமான ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒரு காலத்தில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வகுப்பில் வாங்கில் இருக்க முடியாது. நிலத்திலோ வெளியிலோ இருந்து படித்தார்கள். 1920களில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் போன்றவர்கள் அதை எதிர்த்தார்கள். அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லோரும் சமமாக இருக்க வேண்டும் என்று சமாசனம் கொண்டுவரப்பட்டபோது, 1930ஐ ஒட்டிய அந்த ஆண்டுகளில், பாடசாலைகளுக்கே தீ வைக்கப்பட்டது. இன்று வாங்கு எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் தரம் 6 இன் முதல் தவணைப் புள்ளியைப் பார்த்து 6ஏ, 6பி, 6சி என்று பிரிக்கிறோமே, அந்த 6சி வகுப்பின் இடாப்பை எடுத்துப் பெயருக்கு எதிரே முகவரியை மட்டும் வாசித்துப் பாருங்கள். தகப்பனின் தொழிலை வாசித்துப் பாருங்கள். நாங்கள் யாரும் சாதி பார்த்துப் பிரிக்கவில்லை. புள்ளி பார்த்துத்தான் பிரித்தோம். புள்ளிக்கு ரியூசன் வேண்டும், ரியூசனுக்குப் பணம் வேண்டும், பணத்துக்குக் காணியோ வெளிநாட்டில் ஒரு மாமாவோ வேண்டும். இந்தக் கணக்கைச் செய்ய நான் கணித ஆசிரியனாக இருந்திருக்கத் தேவையில்லை. 6சிக்குத்தான் மிகப் புதிய ஆசிரியர் போவார் என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

"இது ரியூட்டரியில் படித்திருப்பீர்கள்தானே" என்று சொல்லி ஓர் அலகைத் தாண்டிப் போவது இப்போது தரம் 6 வரை இறங்கி வந்துவிட்டது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது இந்த ஒரு வசனத்துக்காக அல்ல.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியும். சாதாரணதரப் பெறுபேறு வந்த அன்று வலயத்திலிருந்து தொலைபேசி வரும்; பழைய மாணவர் சங்கம் கனடாவிலிருந்து கேட்கும்; வாசலில் ஒன்பது பாடத்திலும் ஏ பெற்றவர்களின் படங்களோடு பதாகை கட்ட வேண்டும். தரம் 6 இல் எத்தனை பேருக்கு வாசிப்பு வரும் என்று கேட்டு யாரும் தொலைபேசி எடுத்ததில்லை. அதனால்தான் இந்த மடலில் வலயப் பணிப்பாளர்களையும் சேர்த்தேன். அடுத்த அதிபர் கூட்டத்தில் அந்தக் கேள்வியை ஒரு முறை கேட்டுப் பாருங்கள். முதல் கூட்டத்தில் யாரிடமும் பதில் இருக்காது. இரண்டாவது கூட்டத்துக்கு எல்லோரும் ஒரு தாளோடு வருவார்கள். அதிபர்களை நான் அறிவேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு பாடத்திலும் உங்களிடம் உள்ள மிகச் சிறந்த, மிக மூத்த ஆசிரியர் தரம் 6 இன் ஒரு பிரிவையாவது எடுக்க வேண்டும். எடுக்க மாட்டேன் என்று என்னைப்போல் ஒருவர் சொன்னால் நீங்கள் சிரிக்கக் கூடாது. அதற்கு ஈடாக அவருடைய பொறுப்பு வேலைகளில் ஒன்றைக் குறையுங்கள். மூத்த ஆசிரியர்களுக்கும் முதுகு வலிக்கும். புள்ளிப்படி வகுப்புப் பிரிப்பதைத் தரம் 9 வரையாவது நிறுத்துங்கள். புதிய ஆண்டின் முதல் இரண்டு வாரம், தரம் 6க்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் ஓர் ஆசிரியர் பக்கத்தில் இருந்து தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கட்டும். பரீட்சையாக வேண்டாம், புள்ளியும் வேண்டாம். வாசிக்க முடியாத பிள்ளைகளின் பெயர்கள் எல்லாப் பாட ஆசிரியர்களிடமும் இருக்க வேண்டும். வாரத்தில் நான்கு பாடவேளையாவது அவர்களுக்கென்று ஒதுக்க வேண்டும். எந்தப் பாடத்திலிருந்து எடுப்பது என்று கேட்பீர்கள். கணிதத்திலிருந்தும் எடுங்கள். வாசிக்கத் தெரியாதவனுக்கு நான் சொன்ன பின்னங்கள் யாருக்கும் பயன்படவில்லை.

சிறிய பாடசாலைகளுக்கு இந்த மடலில் வேலையில்லை. நெடுந்தீவிலோ எழுவைதீவிலோ ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புக்கும் கணிதம் எடுக்கிறார். காற்றடிக்கிற நாளில் படகு வருமா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார். அங்கே பேரம் பேச ஆளில்லை. அவர்களுக்கு வேண்டியது இன்னோர் ஆசிரியர், அவர் தங்க ஓர் அறை. அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். புராணங்களைப் பதிப்பித்த அந்தப் பெரிய பண்டிதர், சின்னப் பிள்ளைகளுக்காகப் படிப்படியாகப் பாலபாடமும் எழுதினார். நாவலர் விழா கொண்டாடும் பாடசாலைகளிலும் தரம் 6க்குத் தமிழ் எடுப்பவர் யார் என்று நேரசூசியைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

கடைசியாக ஒரு விண்ணப்பம். கொக்குவிலில் இருக்கிறேன். செவ்வாயும் வியாழனும் காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிவரை எனக்கு வேலை எதுவும் இல்லை. சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் உள்ள எந்தப் பாடசாலையிலும் தரம் 6 பிள்ளைகளோடு இருந்து வாசிக்க வருகிறேன். ஊதியம் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். ஒரு வாங்கும் நிழலுள்ள ஓர் இடமும் போதும். கீழ்த்தளத்தில் இருந்தால் நல்லது, எனக்கும் இப்போது படியேற மருத்துவர் அனுமதிப்பதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
கொக்குவில்.